பெயரைச் சொல்லவில்லை

பொத்தோத்தான்,
14 மார்ச் 1996

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஆர்லினுக்கு,

கிருபையும் சமாதானமும் உன்னோடு இருப்பதாக. நானும் வீட்டுக்காரரும் நலம். நீ பக்கொலோத் பட்டணத்துக்குக் கப்பலேறிய செய்தியை மீன்காரி சொல்லித்தான் அறிந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

அன்று துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, "இப்பவே ஆர்லின் வீட்டுக்குப் போ" என்று ஆவியானவர் ஏவினார். கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டு ஓடி வந்தேன். வயலுக்கு அடிக்கிற மருந்து பாட்டிலோடு நீ அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாய். பிடுங்கி எறிந்தேன். முதல் ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும் நேரத்தில் அதைச் சொன்னது தேவ மகிமைக்காகத்தான். உன் பெயரைக்கூடச் சொல்லவில்லையே! "வாய்க்கால் பம்புக்குப் பக்கத்தில், புருஷன் கப்பல் வேலைக்குப் போன, இரண்டு வயதுப் பிள்ளைக்காரி ஒருத்தி" என்றுதான் சொன்னேன்.

உன்னைத் தங்கையாகவே நினைக்கும் உன் அக்கா,
மனாங் நொர்பெர்தா

பக்கொலோத்,
22 மார்ச்

மனாங்,

அப்படிப்பட்டவள் நம் சபையில் நான் ஒருத்திதான். என் மாமியார் இரண்டாம் பெஞ்சில் இருந்தார்கள். ஆராதனை முடிவதற்குள் எல்லாரும் அவர்களிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலமே என் பிள்ளை தோத்தோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "விஷம் குடிக்கப் போனவ கையில என் பேரனை விடுவேனா?" என்றார்கள். பிள்ளையின் துணிகளை நானே மடித்துக் கொடுத்தேன். அழவும் இல்லை.

இங்கே சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உங்கள் மேல் கோபமா என்று யோசித்துப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை.

ஆர்லின்

பொத்தோத்தான்,
9 ஏப்ரல்

அன்புத் தங்கையே,

உன் கடிதம் படித்து நெஞ்சு வெடித்தது. ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து நின்று, உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை உன் பெயரைச் சொன்னேன், ஒளிக்கக்கூடாது என்று. சபையே அழுதது. ஜெபப் பட்டியலில் உன் பெயர் முதலாவது இருக்கிறது. தோத்தோ சரியாகத் தூங்குவதில்லையாம்.

கண்ணீருடன்,
மனாங்

பக்கொலோத்,
16 ஏப்ரல்

மனாங்,

ஐயோ, திரும்பவும் எழுந்து நின்றீர்களா?

அன்றைக்கு "யார்கிட்டயும் சொல்லாதீங்க மனாங்" என்று உங்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உங்களுக்கு ஆவியானவர் சொன்னது கேட்டது. நான் சொன்னது கேட்கவில்லை.

பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். எனக்காக ஒன்று செய்வதானால் மாமியாரிடம் போங்கள். வசனம் வேண்டாம், ஜெபம் வேண்டாம். தோத்தோவுக்குக் காது மடலைத் தடவிக்கொடுத்தால்தான் தூக்கம் வரும். அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆர்லின்

பொத்தோத்தான்,
6 மே

ஆர்லின்,

போனேன். முதல் நாள் கேட்டைத் திறக்கவில்லை. "பிரசங்கம் பண்ண வந்தியா? போ, போ!" என்று உள்ளேயிருந்தே விரட்டினார்கள். நாலாம் நாள் கேட்டுக்கு வெளியே நின்றே நீ சொன்னதைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை உன் மாமியாரே மீன் சந்தையில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நான் தடவினா கையைத் தட்டிவிடுறான். எனக்கு வரல. அவளையே வந்து செய்யச் சொல்லு" என்றார்கள்.

நேற்று சாட்சி நேரத்தில் போதகர் என்னையே பார்த்தார். அவர்கள் சந்தையில் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

நொர்பெர்தா

பக்கொலோத்,
10 மே

மனாங்,

செவ்வாய்க்கிழமை காலைக் கப்பலில் வருகிறேன். கடைக்காரியிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொள்வானா என்று மட்டும் நினைப்பு ஓடுகிறது.

துறைமுகத்துக்குச் சபை ஆட்கள் யாரும் வேண்டாம். அந்தக் கேட்டுக்குத் தனியாக நடந்துபோக எனக்குத் தைரியமில்லை. நீங்கள் மட்டும் வாருங்கள்.

ஆர்லின்