அம்மாகிட்ட சொல்லு

சந்தாபுரா
12.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஷோபா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் மூவரும் நலம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசினால் உங்களுக்குக் காது எட்டுவதில்லை. நேரில் வந்து கத்தினால் அல்சூருக்கே கேட்கும். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் டீச்சரைக் காதருகே உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை என்னோடு பேசி இன்றோடு நாற்பத்தோரு நாள். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். சூப்பர்வைசர் போஸ்ட் அவருக்குக் கிடைக்கவில்லை என்று என் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அது தப்புதான். மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனாலும் ஏதாவது வேண்டுமென்றால் வித்யாவைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட சொல்லு" என்கிறார். நான் வித்யாவிடம், "அப்பாகிட்ட சொல்லு" என்கிறேன். அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு ஏழு வயதுக் குழந்தையை நடக்க வைக்கிறோம்.

இதுகூடப் பரவாயில்லை மாமா. போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். வித்யா பக்கத்து சீட்டுப் பெண்ணோடு ஒன்பது நாளாகப் பேசவில்லையாம். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறாளாம். கவுன்சிலிங் மேடம் என்னிடம், "வீட்டுல யாராவது இப்படி இருக்காங்களா? அப்பா, தாத்தா பக்கம்?" என்று கேட்டார்.

உங்களைத்தான் கேட்கிறேன். இது உங்கள் ரத்தமா? என்றைக்காவது முடியுமா? முடியாது என்றால் மார்ச் பரீட்சை முடிந்ததும் வித்யாவோடு லிங்கராஜபுரத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்கும் இது ஒட்டிக்கொள்ள விடமாட்டேன்.

இப்படிக்கு
உங்கள் மருமகள்
ஷோபா

அல்சூர்
20.2.2025

அன்பு மருமகள் ஷோபாவுக்கு,

பச்சைமுத்து சொல்லச் சொல்ல பியாட்ரிஸ் டீச்சர் எழுதுவது. கால் வீக்கம் இருக்கிறது, அதோடு நானும் இருக்கிறேன். உன் கடிதத்தை டீச்சர் மூன்று தரம் படித்தார். மூன்றாம் தரம் கீழ் வீட்டுக் காந்தாவும் கதவைத் திறந்துவைத்துக் கேட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

ரத்தமா என்று கேட்கிறாய். எனக்கு எழுத்து தெரியாது, நடந்தது மறக்காது. அதை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பன் அம்மாவோடு பேசாமல் இருந்தவன். நான்தான் நடுவில் நடந்தேன். தம்பி ரத்தினம் ஒன்பது மாதக் குழந்தையில் தத்துப் போனான். தங்கவயலில் பிள்ளையில்லாத ஒரு குடும்பம், வாய் ஓயாமல் பேசிச் சிரிக்கிறவர்கள். எங்கள் அப்பன் முகமே அவனுக்குத் தெரியாது. அவனுக்கு முப்பது வயதானபோது போய்ப் பார்த்தேன். பெண்டாட்டி சோறு வைத்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பேசி ஒரு வருஷமாகிறது என்றாள் அவள். நானும் கோபம் வந்தால் அப்படித்தான் திரும்பி உட்காருவேன். எங்கள் அப்பனும் அப்படித்தான்.

அப்போது ரத்தம் என்று முடிவு செய்துகொண்டேன். சுகமாகத்தான் இருந்தது. என் மேல் தப்பில்லை அல்லவா?

ஆனால் காந்தா இருக்கிறாளே. உன் மாமியார் அம்சவேணியின் அக்காள் மகள். என் ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. தாயில்லாமல் மூன்று வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து வளர்ந்தவள். இன்று தன் மருமகளோடு பேசுவதில்லை. படியேறி வந்து, "நாய்க்குச் சோறு வெச்சாளான்னு அவகிட்ட கேளு சித்தப்பா" என்கிறாள். செவிடனைத் தூது விடுகிறாள். அவள் ரத்தத்தில் எடுக்கவில்லை, என்னைப் பார்த்து எடுத்தாள். என் பிள்ளை மஞ்சுநாத்துக்கு இரண்டு வழியிலும் கொடுத்தவன் நான்.

முடியுமா என்று கேட்டாய். 1990, ஆயுத பூஜைக்கு மறுநாள். கோயில் கமிட்டிக்கு என்னைச் செயலாளராகப் போட நாலு பேர் வந்திருந்தார்கள். காப்பி கொடுத்துக்கொண்டே அம்சவேணி, "இவருக்குக் கைநாட்டுதானே" என்று சிரித்தாள். கேலிக்குச் சொன்னதில்லை, உள்ளதைச் சொன்னாள். அவர்கள் போனபின் நான் வாயை மூடினேன். நாலு வருஷம், ஏழு மாதம்.

கடைசியில் பேசலாம் என்று நானே இறங்கினேன். மில்லிலிருந்து வரும்போது ஏரிக்கரையில் நின்று, என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். இன்றைக்கு, நாளைக்கு என்று பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். தினமும் நான் பேசினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். இதை எழுத மாட்டேன் என்றார், நான்தான் எழுதச் சொன்னேன்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. பரீட்சை வரைக்கும் பொறு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் மாமனார்
பச்சைமுத்து
(கைநாட்டு)

சந்தாபுரா
3.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கார்மென்ட்ஸில் சாப்பாட்டு வேளையில் படித்தேன். பக்கத்தில் இருந்தவள், "ஊருல யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு உங்கள் மேல் வருத்தம். இவ்வளவும் தெரிந்தவர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தை போட்டோவுக்குத் தினம் பூ வைக்கிறேன். அந்த முகம் ஏன் அப்படி இருக்கிறதென்று இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை நான் வித்யாவிடம், "சாவி டேபிள் மேல இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றேன். அவள் அந்த அறைக்குப் போய் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, அம்மா உங்க சாவிய எடுத்து வெச்சிருக்காங்க. மறக்காம எடுத்துட்டுப் போவீங்களாம். பத்திரமா வருவீங்களாம்." நான் சொல்லவே இல்லை மாமா. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரவு அவள் வந்து, "அம்மா, அப்பா தோசை சூப்பர்னு சொன்னாரு" என்றாள். அவர் வாயே திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இது எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அழுகைதான் வருகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பரீட்சை இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. முப்பதாம் தேதி ஞாயிறு. அண்ணனிடம் வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். மாத்திரையைத் தவறாமல் போடுங்கள்.

ஷோபா

அல்சூர்
16.3.2025, ஞாயிறு

அன்பு மருமகள் ஷோபாவுக்கு,

எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். டீச்சர் தன் வீட்டில்தான் இருக்கிறார். நான் கூப்பிடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு மஞ்சு எனக்கு மாத்திரை கொண்டுவருவான். இன்றும் வந்தான். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் போட்டு உட்கார்ந்தான். திருப்பிப் போடு என்றேன். நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் கையில் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், அதற்கு என்னைப் பொறுத்துக்கொள்.

படித்தான். பேச வேண்டாம், எழுது போதும் என்றேன். யாருக்கு என்று பார்த்தான். ஷோபாவுக்கு என்றேன். பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் உன் பெயரை எழுதினான்.

வித்யாவின் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். அதைப் போன கடிதத்தில் சொல்லாமல் விட்டேன். வெட்கம்.

எங்கள் வீட்டில் சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் அரைச் சுவர்தான். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் மஞ்சுவிடம், "கொழம்புல உப்பு இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லு" என்பேன். ஏழு வயசு அவனுக்கு. அந்தப் பக்கம் போய், "அம்மா, கொழம்பு நல்லா இருக்காம். உப்பு மட்டும் கொஞ்சம் வேணுமாம்" என்பான். ஒரு நாள், "அவளை அந்தக் கதவைச் சாத்தச் சொல்லு" என்றேன். அவன், "அம்மா, உனக்குக் குளிருமாம். கதவச் சாத்திக்குவியாம்" என்றான். அம்சவேணி சிரித்தாள். அவளுக்கும் தெரியும்.

எல்லாம் கேட்டேன். நாலு வருஷம் ஏழு மாதமும் கேட்டேன். கேட்காதவன் மாதிரி இருந்தேன். பையன் பார்த்துக்கொள்கிறான், வீடு நடக்கிறது, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவன் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் நான் முன்னாலேயே இறங்கியிருப்பேனோ என்னவோ. குழந்தை மேல் பழி போடவில்லை. அதன் தோளில் ஏறி உட்கார்ந்தவன் நான் என்கிறேன்.

மஞ்சு, நிறுத்தாதே, இதையும் எழுது. உன் பொய் எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. உன் மகள் அதே பொய்யைச் சொல்கிறாள். நீ அதை அவளிடம் சொன்னதில்லை, நீ அப்படிச் செய்ததை அவள் பார்த்ததும் இல்லை. என்னிடமிருந்து உனக்கு வந்தது ஒன்று. அதற்கு நடுவிலும் உனக்கு இருந்தது இன்னொன்று. இரண்டும் அவளிடம் இருக்கிறது.

ஷோபா, குணம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் போகவில்லை. முப்பதாம் தேதி போவதென்றால் போ. உன்னைத் தடுக்க வேண்டாம் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். இதைத் தபாலில் போடாமல் கையில் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதைத்தான் எழுதினானா என்று பார்க்க வழியில்லை. நான் முடித்துவிட்டேன். கைநாட்டும் வைத்தாயிற்று. பேனா இன்னும் ஓடுகிறது.

பச்சைமுத்து
(கைநாட்டு)

ஷோபா,

அப்பா சொன்னது மேலே முடிந்துவிட்டது. அவர் சொன்னதில் ஒன்றும் மாற்றவில்லை. இது நான்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வித்யா சொல்வதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "பத்திரமா வருவீங்களாம்" என்று அவள் சொன்னது, நீ சொன்னது இல்லை என்று அன்றைக்கே தெரியும். தெரிந்தே அதை எடுத்துக்கொண்டு போனேன்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நிற்பேன். சாவி என்னிடம் இருக்கிறது. நானாகத் திறக்கமாட்டேன். நீ படித்து முடிக்கும் நேரம் கழித்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

வித்யாவை அனுப்பாதே.

மஞ்சுநாத்