சாக்தீனி

மர்பி டவுன்,
12.9.1998, சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, சுகந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அப்பாவின் இருமல் குறைந்ததா?

போன வாரம் நாய் பிடிக்கிற வண்டி எங்கள் தெருவின் தாய் நாயைக் கொண்டுபோய்விட்டது. அதன் மூன்று குட்டிகளை மாடியில் அட்டைப்பெட்டியில் வைத்து வளர்த்தேன். இரண்டுக்கு நல்ல வீடு கிடைத்தது. கறுப்புக் குட்டி மட்டும் மிச்சம்.

நாய்க்குட்டி வேண்டுமா என்று பால் பூத்தில் நான் ஒட்டிய சீட்டைப் பார்த்து நேற்று ஓர் அம்மா வந்தார். “கொடம்மா, நானு சாக்தீனி” என்றார். சாகடிப்பேன் என்று சொல்வதாக நினைத்து, “குட்டி இல்ல, போங்க” என்று கதவைச் சாத்திவிட்டேன்.

இன்று காலை இதைச் சொன்னதும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “அடி மக்கு, சாக்தீனின்னா வளக்கறேன்னு அர்த்தம். கன்னடத்துல எவ்ளோ மார்க்குடி வாங்கற நீ?”

அத்தை சிரிக்கவில்லை. வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் குட்டியைப் பார்த்துவிட்டாராம். மத்தியானம் அந்த வண்டியை வரச் சொல்லியிருக்கிறாராம்.

அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பச்சைச் சேலை கட்டியிருந்தார், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் பதினோரு கதவுகளைத் தட்டிவிட்டேன். எந்த வீட்டிலும் அவர் இல்லை.

நீ கவலைப்படாதே. என் பழைய ஸ்வெட்டரையும், கிடைத்தால் ஒரு கன்னட அகராதியும் அனுப்பு. அடுத்த முறை இரண்டு பக்கமாவது எழுது அம்மா, ஒரு பக்கம் உடனே தீர்ந்துவிடுகிறது.

தெருமுனையில் வண்டி வந்து நிற்கிறது. குட்டியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு மிச்சக் கதவுகளைத் தட்டப் போகிறேன். வண்டியைத் தாண்டும்வரை அது கத்தாமல் இருக்க வேண்டும்.

அவசரத்தில்,
உன் சுகந்தி