முற்றத்துச் சுவர்

5.2.2012

என் எழுத்து கோணலாக இருக்கிறது. ஓர் எழுத்து மூட்டை மாதிரி பெரிசு, அடுத்தது வேர்க்கடலை மாதிரி, எங்கள் ஊர் மல்லாட்டைப் பருப்பு மாதிரி சிறிசு. கோட்டின் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் இந்த நோட்டிடம் முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தேழு வயதுக் கை. மூட்டை தூக்கிய கை. பேனா பிடிக்க நாள் ஆகும்.

தினம் நாலு வரியாவது எழுதுங்க மாமா, இல்லாட்டி மறந்துடும் என்று மருமகள் மாலதி சொன்னாள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். என்ன எழுத என்றேன். மனசுல வர்றத எழுதுங்க என்றாள்.

என் பெயர் பஞ்சநாதன். எழுதியதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை: பஞ்சநாதன்.

8.2.2012

பாங்கில் மை டப்பாவை நீட்டிய பெண்ணிடம், வேண்டாம்மா, பேனா குடு என்று சொன்னேன்.

12.2.2012

இந்த வயதில் படிப்பு எதற்கு என்று மகன் செம்பியன் கேட்டான். சும்மாதான் என்றேன். அது பொய். இங்கே உண்மையை எழுதலாம்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இது. முற்றத்தின் நடுவில் ஒரு சுவர் ஓடுகிறது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அண்ணன் கோவிந்தசாமியும் அண்ணி ராசம்மாளும். 1958-இல் வந்த சுவர். அன்றிலிருந்து அண்ணனும் நானும் பேசுவதில்லை.

அப்பா அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், என்னை மல்லாட்டை மண்டிக்கு அனுப்பினார். அவர் ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். தினம் காலையில் பேப்பரை வாய்விட்டுப் படிப்பார். நான் இந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டே கேட்பேன். ஊர் உலகத்தில் நடந்ததெல்லாம் எனக்கு அந்தச் சுவருக்கு மேலேதான் வந்தது.

இரண்டு வருஷம் முன்பு அவருக்குக் கண் மங்கிவிட்டது. சத்தம் நின்றுபோனது. சில மாதம் காத்திருந்தேன். பிறகு மாலதியிடம் போய், எனக்கு அ, ஆ சொல்லிக்கொடு என்றேன்.

20.2.2012

என் வீட்டுக் கதவில் நானே படித்த முதல் சங்கதி நல்லதாக இல்லை. ‘இக்கட்டடம் ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று நகராட்சியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தானே புயலில் முன்கட்டு ஓடெல்லாம் பறந்தது, இரண்டு தூண் சாய்ந்தது. எங்களுக்கு மட்டுமா? காடாம்புலியூரில் மாலதியின் அப்பாவுக்கு ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டை இடித்துவிட வேண்டுமாம். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். முழுசும் படித்துவிட்டோமே என்று முதலில் சந்தோஷம் வந்தது. பிறகுதான் துக்கம் வந்தது.

அண்ணன் கதவிலும் ஒட்டியிருக்கிறது. அவருக்கு யார் படித்துச் சொன்னார்களோ.

6.3.2012

பழைய கட்டடங்களைக் காக்க மாநில ஆணையம் ஒன்று இருக்கிறதாம். செம்பியன் எழுதிப் போட்டதில் இன்று அதன் உறுப்பினர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் தில்லைநாதன், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இஞ்சினியர், சிதம்பரத்துக்காரர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். தமிழ்வேந்தன் என்பவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார், என் நாற்காலியைக்கூட. மூன்றாவது மோனிகா என்ற பெண், கட்டட வரைபடம் போடுகிறவர்.

முற்றத்தை அளக்கத்தான் பாடு. குறுக்கே சுவர் இருப்பதால் அந்தப் பெண் எங்கள் வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், அண்ணன் வாசல் வழியாக அந்தப் பாதிக்குப் போய், மறுபடி திரும்பி வரவேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் அண்ணி மோர் கொடுத்திருக்கிறாள். வரும்போதெல்லாம் மாலதி காபி கொடுத்தாள். கடைசியில், “முத்தம் அளந்த மாதிரியே இல்லீங்க, ரெண்டு சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி இருக்கு” என்றார்.

தூணையும் மேல்தளத்தையும் பார்த்து மூவருக்கும் முகம் மலர்ந்தது. தங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது, ஆணையமே பழுதுபார்க்கும். ஆனால் போகும்போது தில்லைநாதன் ஒன்று சொன்னார்.

“பாதி முத்தத்த மட்டும் காப்பாத்த முடியாதுங்க பெரியவரே. உங்க அண்ணனும் நீங்களும் ஒண்ணா சிதம்பரத்துக்கு வந்து, இது ஒரே வீடுன்னு எங்க முன்னாடி சொல்லணும்.”

இதையே அந்தப் பக்கமும் போய்ச் சொன்னார். சுவருக்கு அப்பால் அண்ணன் இருமுவது கேட்டது.

7.3.2012

சுவர் எப்படி வந்தது என்று மாலதி கேட்டாள். காக்கையால் வந்தது.

அப்பாவின் முதல் வருஷத் திதி. அப்போதே அடுப்பு இரண்டு, முற்றம் மட்டும் ஒன்று. அண்ணி தன் பக்கம் ஓர் இலை வைத்தாள். என் மனைவி சின்னம்மாள் எங்கள் பக்கம் ஓர் இலை வைத்தாள். காக்கை வந்து அண்ணி வைத்த இலையைத் தொட்டது.

“பாத்தியா, மாமனாரு எங்க சோத்தத்தான் தொட்டாரு” என்றாள் அண்ணி.

“பசிச்ச காக்கா எங்க வேணா திங்கும்” என்றாள் சின்னம்மாள்.

அப்பாவைப் பசித்த காக்கை என்று சொல்லிவிட்டாள் என்று அண்ணன் எழுந்தார். என் பொண்டாட்டியை எப்படிப் பேசலாம் என்று நான் எழுந்தேன். அந்த மாதமே கொத்தனார் வந்தார். சுவர் தன் பக்கம் ஒரு விரற்கடைகூட நகர்ந்துவிடக் கூடாது என்று அண்ணன் அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம் நின்றேன்.

சின்னம்மாள் போய்ப் பதினொரு வருஷம் ஆயிற்று. அண்ணன் வந்து வாசலில் நின்றார், தலையைக் குனிந்தபடியே போனார். அப்போதாவது பேசியிருக்கலாம் — யார் முதலில்?

14.3.2012

சுவர் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

25.3.2012

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். வாய்விட்டுப் படித்தேன். வெட்கமாக இருந்தது. புயலில் விழுந்த பலா மரங்களுக்குப் பதில் கன்று கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி. ஒவ்வொரு சொல்லாக நொண்டி நொண்டிப் போனேன். பாதி வாக்கியத்தில் செய்தி அறுந்துபோயிற்று. கீழே வேறு என்னமோ விளம்பரம் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், மறுபடி முதலிலிருந்து தேடினேன். மீதி எங்கே போயிற்று?

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

“மீதி அஞ்சாம் பக்கத்துல இருக்கும்டா.”

ஐம்பத்துநாலு வருஷம் கழித்து அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்.

அஞ்சாம் பக்கத்தில்தான் இருந்தது. படித்தேன். முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீர் கோத்த கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. “அப்புறம்?” என்றார். அடுத்த செய்தியைப் படித்தேன்.

8.4.2012

தெருவைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சிதம்பரம் போறமா என்று கேட்டேன். போயிட்டு வந்துருவோம், ஆனா வண்டியில சன்னலோரம் எனக்கு என்றார்.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் கை கழுவப் போனபோது மெதுவாகச் சொன்னாள்: “ஆபீசுல பேப்பரு படிச்சா வாயே தொறக்க மாட்டாராம். வூட்டுலதான் அவ்வளவு சத்தம். எனக்கா படிச்சாரு? நான் அடுப்படியில இல்ல கெடந்தேன்.”

நான் காபியைக் குடித்தேன். சூடு அதிகம்.

22.4.2012

ஒரே வீடு என்று சொல்லப் போகிறோம், நடுவில் சுவர் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று அண்ணன் கேட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. செம்பியனையும் ஓர் ஆளையும் வைத்து மேலிருந்து மூன்று வரிசைச் செங்கல் எடுத்தாயிற்று. அண்ணன் தலைமுடி மட்டும் தெரிகிறது. முழுசும் வெள்ளை. மீதியை சிதம்பரம் போய் வந்து எடுப்பதாக ஏற்பாடு.

15.5.2012

நேற்று சிதம்பரம். அண்ணன் சன்னலோரம், நான் பக்கத்தில். வழியெல்லாம் கடை போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். பரங்கிப்பேட்டை பிரியும் இடத்தில், “போதும்டா, எனக்கு ஊரு தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, “அது என்னா கடை?” என்றார்.

கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். மூன்று உறுப்பினர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அண்ணன்தான் பேசினார். இது ஒரே வீடுங்க, ரெண்டு பேரும் மனசார சொல்றோம் என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தேன். தில்லைநாதன் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனி இடிக்க முடியாது.

சந்தோஷத்தில் நான் வாயைக் கொடுத்தேன். “சொவரக்கூட இடிக்க ஆரம்பிச்சுட்டோங்க” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மோனிகா எழுந்தே விட்டார்.

“ஐயோ, எவ்வளவு எடுத்தீங்க?”

மூணு வரிசை என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தலைவரிடம், “சார், அந்தச் சுவரும் அம்பது வருஷம் தாண்டிடுச்சு. நம்ம விதிப்படி அதுவும் பழசுதான்” என்றார். தமிழ்வேந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நூற்றிருபது வருஷம், சுவர் நடுவில் வந்தது, அது அழகைக் கெடுக்கிறது என்று வாதாடினார். வீட்ல இருந்தவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு தூண் சொல்லுமா, சுவர் சொல்லுமா என்று மோனிகா கேட்டார். இப்படி நடுச்சுவர் எழுப்பின வீடு ஊருக்கு நாலு இருந்திருக்கும், எல்லாம் போச்சு, ஒண்ணாவது நிக்கட்டும் என்றார்.

தில்லைநாதன் எங்கள் பக்கம் திரும்பி, எதற்காக எழுப்பிய சுவர் என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“காக்காவுக்காகங்க” என்றார் அண்ணன்.

கதை முழுவதையும் கேட்டார்கள். தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழ்வேந்தன் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சரி என்றார். சுவர் இருக்க வேண்டும், எடுத்த செங்கல்லை அதே இடத்தில் வைக்க வேண்டும், சிமெண்ட் ஆகாது, சுண்ணாம்புதான் என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும் அண்ணன் சொன்னார்:

“அன்னிக்கே வந்து, சொவரு வைக்காதீங்கடான்னு சொல்றதுக்கு ஒரு ஆணையமும் இல்லாம போச்சே.”

சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

17.5.2012

ராத்திரி தூக்கம் வரவில்லை. சுவர் போனால்தான் நாங்கள் சேர்ந்ததாக அர்த்தம் என்று நினைத்திருந்தேன். இப்போது என்ன அர்த்தம்? அண்ணனுக்குத் தெருவைச் சுற்றி வர மூச்சு இல்லையே.

ஒரு வாசலாவது வைக்கலாமா என்று மோனிகாவிடம் செம்பியன் போனில் கேட்டான். ஒரு கல்லைக்கூடத் தொடாதீங்க என்றாராம். பிறகு, நான் அன்னிக்குப் பூரா அந்தச் சுத்து சுத்தினவதான், தாத்தாகிட்ட சொல்லுங்க, மோர் கிடைக்கும் என்றாராம்.

1.7.2012

கொத்தனார் சுண்ணாம்பு கொண்டுவந்தார். எடுத்த கல் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது. நான் என் பக்கத்துக் கல்லைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தபடி தன் பக்கத்துக் கல்லைக் கொடுத்தார்.

“டேய் பஞ்சு, உன் பக்கம் சாயுதா பாரு.”

“இல்ல, உன் பக்கந்தான் சாயுது.”

“சாஞ்சா சாயட்டும்.”

அந்தச் சுவரை முதலில் எழுப்பியபோது இருவரும் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை.

12.8.2012

முன்கட்டில் ஓடு ஏறிவிட்டது. கதவில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ‘ஆபத்தான’ என்ற சொல் மட்டும் வர மறுத்தது. வெந்நீர் ஊற்றினேன், வந்துவிட்டது.

27.8.2012

அப்பாவின் திதி. சமையல் ஒரே அடுப்பில், அண்ணி வீட்டில். இங்கிருந்து மாலதி போய் வடை சுட்டாள். எல்லாம் ஆகி இலையில் சோறு போட்டதும், காக்கைக்கு எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது.

அண்ணன் என்னை எங்கள் பக்கம் போகச் சொன்னார். தெருவைச் சுற்றி வந்தேன். “முக்காலி போட்டு ஏறுடா” என்று குரல் கேட்டது. செம்பியன் பிடித்துக்கொண்டான். ஏறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகம் இருந்தது. மாலதி அவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த முற்றத்தில் அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து எத்தனை காலம். அப்பா முகம் மாதிரியே ஆகிவிட்டது.

இலையின் ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான் பிடித்தேன். நாங்கள் கல் எடுத்துக் கொடுத்த வரிசையின் மேல் வைத்தோம். அண்ணன் கா, கா என்று கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. மீதியை நான் கூப்பிட்டேன்.

ஒரு காக்கை முருங்கை மரத்திலிருந்து வந்து சுவர் மேலே உட்கார்ந்தது. அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது. தின்ன ஆரம்பித்தது.

“இந்த வருஷம் மாமனாரு யாரு பக்கமும் போவல” என்றாள் அண்ணி, கீழேயிருந்து.

நாங்கள் இறங்கவில்லை. காக்கை தின்று முடிக்கிறவரை இருவரும் முக்காலி மேலேயே நின்றோம்.

எழுத நேரம் குறைந்துவிட்டது. அண்ணன் விளம்பரத்தைக்கூட விடவிடுவதில்லை, ஒரு பேப்பர் முடிவதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. மூன்று நாள் பேப்பர் பாக்கி. அதை முடித்துவிட்டு அடுத்த வாரம் இந்த நோட்டுக்கு வருகிறேன். எழுத்தும் அதற்குள் கொஞ்சம் நேராகலாம்.