நாலாவது சரணம்

ஜூன் 4, செவ்வாய்

அன்பான மருமகளுக்கு,

கர்த்தர் உன்னையும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நம் குட்டியையும் தம் கைக்குள் பொத்தி வைத்திருக்கட்டும். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்தார். அவர் ஓட்டுகிற பஸ் மூன்று மணிக்குத் திரும்புகிறதாம். "அதுக்குள்ள எழுதிக் குடுத்துடுங்கத்தை" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். விடிய விடிய வண்டி ஓட்டுகிற உடம்பு.

போனை ஏன் அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் புருஷன் கீபோர்டில் வாசித்த நம் சபைப் பாட்டைத்தானே அதில் மணியாக வைத்துக் கொடுத்தான்? அவனை அடக்கம் பண்ணின மறுநாள் அது அடித்தது. கூப்பிட்டவன் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அணைத்துத் துணிக்கு அடியில் போட்டதுதான். நாலு மாதமாகிறது.

நான் பாடுவதை உன் அண்ணன் போனில் பிடித்து அனுப்பினால் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று நர்ஸ் சொன்னார்களாம். கண்ணு, அது மட்டும் கேட்காதே. தொண்டை சரியில்லை. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் நின்று ஓட்டல் விரிப்புகளைத் தேய்க்கிறேன், அதனால் இருக்கும். பாட்டுக்குப் பதில் இரண்டு சின்னப் போர்வை அனுப்பியிருக்கிறேன். நன்றாகத் துவைத்துத் தேய்த்ததுதான்.

உன் அத்தை

ஜூன் 5, புதன்

அன்புள்ள அத்தைக்கு,

போர்வை வந்தது. உங்கள் தேய்ப்பு வாசனையோடு வந்தது.

தொண்டையைப் பற்றி அண்ணனிடம் விசாரித்தேன். "தொண்டையா? பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாரு, பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து எழுந்துட்டாரு" என்கிறான். ஏன் அத்தை என்னிடம் பொய்?

அவளுடைய கை என் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. மூச்சு விடுவதையே மறந்துவிடுகிறாள். மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வந்ததுபோல மூச்சை இழுத்து விடுவாள். நேற்று ஐந்து முறை. இன்று மதியத்துக்குள் ஏழு. பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு அதன் அம்மா மெல்லப் பாடுகிறாள். பாடும்போது அந்தப் பிள்ளையின் மூச்சு சீராக ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். நானும் பாடிப் பார்த்தேன். உங்கள் மகன் சொல்வாரே, "நீ வாயத் திறந்தா பாஸ்டர் சீக்கிரம் ஆமென் சொல்லிடுவாரு"ன்னு. அதே கதைதான்.

மெஷின் கத்தும்போதெல்லாம் அவர்தான் கண்ணுக்குள் வருகிறார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள் நான் ஸ்கேனுக்குக் கீழே போயிருந்தேன். நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தீர்கள். யாருமே இல்லாத நேரத்தில் தனியாகப் போய்விட்டார். இவளும் அப்படிப் போய்விடுவாளோ என்று எழுந்து முகம் கழுவக்கூடப் பயமாக இருக்கிறது. நாற்காலியை விட்டு நகர மாட்டேன் என்கிறேன் என்று எல்லாரும் திட்டுகிறார்கள்.

பாடுங்கள் அத்தை. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மருமகள்

ஜூன் 6, வியாழன்

மருமகளுக்கு,

இதைப் படித்த பிறகு நீ என் முகத்தில் முழிக்காமல் போனாலும் போவாய். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. நான் அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கவும் போகவில்லை.

நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நம் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவனுக்கு மாத்திரையைவிட அதுதான் வேண்டும். முதல் சரணம் பாடும்போதே இளைப்பு குறைந்தது. நான் ஒரு அடி பாடினால் ஒரு மூச்சு. அடுத்த அடிக்கு அடுத்த மூச்சு. இரண்டாவது, மூன்றாவது, அப்படியே வந்தது. சரி, பிழைத்துக்கொண்டான் என்றே நினைத்தேன்.

நம் சபையில் மூன்றோடு நிறுத்துவோம், உனக்குத் தெரியும். நாலாவதை அடக்க ஆராதனையில் மட்டும்தான் எடுப்போம். "விளக்கை நீரே அணையும், என்னைத் தோளில் தூக்கிக்கொள்ளும்" என்று வருகிறதே, அது. எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது முடிந்ததும் பயம் வந்தது. நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று. மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கலாம். புத்தி அங்கே போகவில்லை. நாக்கு தானாக நாலாவதுக்குப் போய்விட்டது. கடைசி அடி முடிந்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

நான் அதிகம் படிக்காதவள். வேதத்தையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். எனக்கு ஜெபம் என்றால் பாட்டுதான். தூக்கிக்கொள்ளும் என்று நான் கேட்டேன், கர்த்தர் தூக்கிக்கொண்டார். அதுதான் பயம். அவர் கேட்க மாட்டார் என்ற பயம் இல்லை, கேட்டுவிடுகிறாரே என்ற பயம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கிறேன். "உங்க குரல் இல்லாம பாட்டு சப்புன்னு இருக்கு" என்று பாஸ்டரம்மா சொன்னார். இந்த வாயால் அந்தப் பிஞ்சுக்கு எப்படிப் பாடுவேன், சொல்.

என்னை மன்னிக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

அத்தை

ஜூன் 7, வெள்ளி

அத்தை,

உங்கள் கடிதத்தை நேற்று ராத்திரி படித்தேன். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பாடினதுக்கு இல்லை. நாலு மாதம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்களே, அதற்கு.

இந்த நாலு மாதமும் நான் கண்ணை மூடினால் என்ன பார்த்தேன் தெரியுமா? ஒரு கட்டில். பக்கத்தில் காலி ஸ்டூல். அவர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்கிறார், ஒருத்தரும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அதே.

அந்த ஸ்டூலில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். நெஞ்சில் உங்கள் கை இருந்திருக்கிறது. கடைசி அடி வரைக்கும் அவர் காதில் உங்கள் குரல் இருந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் தண்ணீர் பிடிக்கப் போனேன் என்று சொன்னீர்களே, அத்தை! படித்த பிறகு நாற்காலியிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினேன். முதல்தடவையாக அந்தக் காலி ஸ்டூல் வரவில்லை.

டாக்டர் அன்றைக்குக் காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்று தாண்டாது என்றார். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை. நானும் மறைத்தேன். இரண்டு பேரும் சரிக்குச் சரி.

இன்று ஒன்பது முறை மெஷின் கத்தியது. இனியும் மூச்சை மறந்தால் தொண்டையில் குழாய் போட வேண்டும் என்கிறார்கள். அண்ணன் நாளைக்கு வருவான். பாடிக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, நீங்கள் எனக்கு அத்தைதான். ஆனால் கொடுங்கள்.

மருமகள்

ஜூன் 8, சனி

என் கண்ணுக்கு,

உன் அண்ணனின் போனை மேசையில் வைத்து, அவரைச் சமையலறைக்குள் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். முதல்தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை அழுகை. மூன்றாவது தடவைதான் பாட்டு வந்தது. குரலில் நடுக்கம் இருக்கும், நர்ஸிடம் மெஷின் கோளாறு இல்லை, பாட்டியின் கோளாறு என்று சொல்லிவிடு. முடித்துக் கதவைத் திறந்தால் உன் அண்ணன் வெங்காயம் ஒன்றும் உரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று சரணம்தான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இனி உன்னிடம் பொய் இல்லை. மூன்று முடிந்ததும் நிறுத்தாமல் முதலுக்கே திரும்பிவிட்டேன். அப்படியே ஐந்து சுற்று பாடியிருக்கிறேன். அன்றைக்கு அங்கே போகாத புத்தி இன்றைக்குப் போனது. முடிந்தால் மறுபடி போடச் சொல், நிறுத்த விடாதே. நாலாவதை அவள் வளர்ந்து கற்றுக்கொள்ளட்டும். எனக்கு ஒருநாள் அதைப் பாட ஆள் வேண்டும்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். துணிக்கு அடியிலிருந்த போனை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறேன். பச்சை விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். சலவைக்கூடத்துக்கு இன்று வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாட்டைப் போட்டதும், அவள் மூச்சு எப்படி இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொல். நல்லதானாலும், வேறு எதுவானாலும், நீதான் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் எடுக்க மாட்டேன். அவன் வாசிப்பதைக் கொஞ்சம் கேட்டுவிட்டு எடுப்பேன்.

அதுவரை வைத்துவிடாதே.

உன் அத்தை