உன் மகளுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ

புது ஷூ வாசனை வீடு முழுக்கக் கிடக்கிறது. தோலும் ரப்பரும் பாலிஷும் கலந்த நெடி. ஷூ காலில் ஏறிப் போய் மூன்று நாளாகிவிட்டது. வெறும் அட்டைப்பெட்டி கூடத்து மூலையில் இருக்கிறது, வாசனை மட்டும் போகவில்லை. தூக்கிப் போடலாம் என்று இன்று காலை கையில் எடுத்தேன். உன் நினைப்பு வந்துவிட்டது. போட மனசு வராமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை என்பது தெரியும். இருந்த காலத்திலேயே நான் எழுதியதை நீ பாதிதான் படிப்பாய். "ஒன் எழுத்தப் படிக்கதுக்கு டாக்டர் சீட்டு எவ்வளவோ தேவலட்டி" என்பாய்.

ஷூ உன் மகள் செண்பகாவுக்கு. ஒன்பதாம் வகுப்பு போகிறாள். நீ போன ஐப்பசிக்குப் பிறகு இன்னும் வளர்ந்து, என்னைவிட ஒரு தலை உயரமாகிவிட்டாள். காலும் ஒன்பதாம் நம்பர். உன் கால்தான், வேறு யார் கால்? அவள் அப்பாவுக்கு ஏழுதானே! உன் கல்யாணத்தில் அவர் உன் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்தபோது, "அம்மி பத்துமா அண்ணாச்சி?" என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். நீ மணவறை என்றும் பாராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, உன் மாமியாரிடம் முதல் நாளே பேர் வாங்கினாய்.

அவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் போகிற நாட்களில் பிள்ளை தென்காசியில் என் வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் இந்த வருஷம் கீழப்பாவூரிலிருந்து மாற்றி, என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டோம். பள்ளி திறந்த முதல் வாரம். சாரல் பிடித்துவிட்டது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்ற வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சாக்ஸை உருவியதும் பார்த்தேன், பெருவிரல் ஓரம் சிவந்து வீங்கியிருந்தது.

"என்னட்டி இது?"

"ஒண்ணும் இல்ல சித்தி."

"எத்தனாம் நம்பர் ஷூ இது?"

"ஏழு. அம்மா வாங்கினது."

இதற்கு மேல் நான் எப்படி ஏச? வெந்நீர் வைக்கப் போய்விட்டேன். அடுப்பங்கரையில் நின்று அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் எனக்கு என்ன வெட்கம்?

அந்த விரலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது உன் விரல்.

நாமும் அப்போது ஒன்பதாவதுதான், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பெண்பிள்ளைகள் எல்லாரும் பக்கிள் வைத்த கறுப்பு ஷூ போட வேண்டும் என்று பள்ளியில் திடீரென்று உத்தரவு போட்டார்கள். அதுவரை செருப்போடு போன கூட்டம் நாம். உன் அப்பாவோடு கடைத்தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. ஒரு கடைக்கார அண்ணாச்சி உன் காலைப் பார்த்துவிட்டு, "ஏ தாயி, இது பொம்பளப்பிள்ளை காலுதானா, இல்ல ஏர் உழப் போற காலா?" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அன்று பாவாடையை இறக்கிவிட்டவள்தான் நீ. ஓடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தக் காலை மறைத்துக்கொண்டே நடந்தாய்.

ஓடும்போது மட்டும் அது உனக்கு ஞாபகமே இருக்காது. வெறுங்காலோடு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ நானூறு மீட்டர் ஓடினால் பள்ளிக்கூடமே கத்தும். வளைவில் மற்றவர்கள் சறுக்குவார்கள், உன் கால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் வட்டாரப் போட்டிக்கு உன் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

மெட்ராஸில் வேலை பார்த்த உன் சித்தப்பா, காலைத் தாளில் வரைந்து தபாலில் அனுப்பினால் ஷூ வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். உங்கள் வீட்டில் பழைய பேப்பரை விரித்து நீ காலை வைத்தாய். பென்சில் என் கையில். நான் வரையத் தொடங்கும்போது நீ குனிந்து என் காதோடு சொன்னாய்.

"ஏட்டி கோமு, கொஞ்சம் உள்ள ஒட்டி வரைட்டி. சித்தப்பா இதக் கடையில கொண்டுபோயி எல்லாருக்கும் காட்டுவாவல்லா."

நான் பென்சிலைச் சாய்த்துப் பிடித்தேன். குதிகால் பக்கம் கொஞ்சம், விரல் பக்கம் கொஞ்சம். முடித்துப் பார்த்தால் அழகான சின்னக் கால். "கொள்ளாம்ட்டி!" என்று செங்கோட்டைக்காரி மாதிரி மலையாளம் கலந்து மெச்சிச் சிரித்தாய். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பதினாலு வயசுக் கழுதைக்கு அறிவு எங்கே இருந்தது?

ஷூ வந்தது. பளபளவென்று, வெள்ளிப் பக்கிளோடு. உன் கால் உள்ளே போக நாம் இரண்டு பேரும் தேங்காய் எண்ணெய் தடவி இழுத்தோம். "சித்தப்பா அவ்வளவு தூரத்துலேர்ந்து அனுப்பிருக்காவ, பத்தலைன்னு எப்படிட்டி சொல்ல?" என்று போட்டுக்கொண்டே போனாய். நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்து, பெரியாஸ்பத்திரியில் நகத்தையே எடுத்தார்கள். போட்டி அன்று காலில் கட்டோடு சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாய். முதலில் வந்தவள் உன்னில் பாதிகூட ஓடமாட்டாள். அத்தோடு உன் அப்பா, "ஓடினது போதும்" என்று சொல்லிவிட்டார். அளவு பார்த்து வாங்கத் தெரியாதவன் என்று எல்லாரும் உன் சித்தப்பாவைத்தான் ஏசினார்கள். நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு உன் காலை நான் நிம்மதியாகப் பார்த்தது குற்றாலத்தில்தான். வருஷா வருஷம் சாரல் நேரத்தில் நம் இரண்டு பேருக்கும் ஒரு நாள். பிள்ளைகளை வீட்டு ஆம்பிளைகளிடம் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். அருவியில் எல்லாரும் வெறுங்கால், யார் கால் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. பாறை வழுக்கும், பெண்கள் கூட்டம் நெரிக்கும், எனக்கோ தலையில் தண்ணீர் விழுந்ததும் உயிர் போகிற மாதிரி இருக்கும். நீ காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, "எம்மேல சாஞ்சுக்கோ மூதி, நான் விழ மாட்டேன்" என்பாய். விழுந்ததே இல்லை. ஈரப் புடவையோடு சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு நிற்கும்போது உன் கால் வெளியே தெரியும், நீ மறைக்க மாட்டாய். இந்த வருஷம் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். நான் போகவில்லை.

சிறுநீரகம் கெட்டு நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாசம், கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தது. எந்தச் செருப்பும் ஏறவில்லை. நான் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய், "இப்பம் வரையச் சொன்னா ஒரு பேப்பர் காணாதுட்டி."

இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை நீ எடுத்தது அன்று ஒரு தடவைதான். நீ சிரித்தாய். எனக்கு வாய் வரை வந்தது, "மன்னிச்சிரு புள்ள" என்று. வெறும் மூன்று சொல் கூட இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். டாக்டர் தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லியிருந்த ஆளிடம்! நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். உனக்கு நாளைகள் தீர்ந்துகொண்டிருப்பது எனக்கு உறைக்கவில்லை.

சரி, செண்பகாவின் ஷூவுக்கு வருகிறேன்.

தென்காசியில் எல்லாக் கடையிலும் ஒரே பதில், லேடீஸில் எட்டுக்கு மேல் வராது. ஒரு கடைப் பையன் எட்டாம் நம்பரைப் பிள்ளை காலில் திணித்துவிட்டு, "போகப் போக லூஸாயிரும்க்கா" என்றான். "நீ தலைக்கு ரெண்டு நம்பர் சின்ன ஹெல்மெட்டைப் போட்டுக்கோ, போகப் போக அதுவும் லூஸாவுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இன்னொரு கடையில் பெரிய நம்பர் ஒன்று கிடைத்தது. நான்கு நாள் சாரலில் அடி வாயைப் பிளந்துவிட்டது. பிள்ளை மறுபடியும் நீ வாங்கிக் கொடுத்த ஏழாம் நம்பருக்குள் காலை நுழைத்துக்கொண்டு போனாள்.

அப்போது அவள் அப்பா போன் பண்ணினார். "கொச்சியில பெரிய கடை இருக்கு, காலை வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் வாங்கிட்டு வாரேன்" என்றார். செண்பகா பேப்பரை விரித்துக் காலை வைத்து, பென்சிலை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். குனிந்தேன். பார்த்தால், அவள் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"விரல நீட்டுட்டி!" என்று காலில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டேன். தெரு வரை கேட்டிருக்கும். பிள்ளை அரண்டுபோய்ப் பார்த்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் காலை ஒட்டி வரைந்தது, நகம் போனது, நீ ஓடாமல் போனது, நான் இன்றுவரை யாரிடமும் சொல்லாதது எல்லாம். உன்னிடம் சொல்ல வேண்டியதை உன் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மா ஓடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். உனக்கு என்னடி அப்படி ஒரு பிடிவாதம், பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாமல்?

பேப்பரைக் கிழித்துப் போட்டேன். காலையே கூட்டிக்கொண்டு போவோம் என்று ஞாயிற்றுக்கிழமை அவளோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். ஆறு கடை. ஏழாவது கடையில், வாட்ச்மேன்களும் மில்லில் வேலை பார்ப்பவர்களும் வாங்குகிற ஷூ இருந்தது. கறுப்புத் தோல், கயிறு கட்டுவது, அடிப்பாகம் ஒட்டாமல் சுற்றித் தைத்தது. கடைக்காரர் அவளை எழுப்பி நிற்க வைத்து அளந்தார். ஒரு வார்த்தை கேலி இல்லை. ஒன்பதாம் நம்பர் எடுத்துப் போட்டுவிட்டார். கடைக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சித்தி, விரலெல்லாம் ஆடுது!" என்றாள். நீ போனதற்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் பள்ளியில் விட வேண்டுமே. அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பக்கிள் ஷூதான் சட்டம். திங்கட்கிழமை நானும் கூடவே போனேன். அன்றைக்கு நீயும் நானும் திறக்காத வாயை இன்றைக்காவது திறந்துவிடுவது என்று வழி நெடுகப் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். தலைமை ஆசிரியை ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. இவளுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் போட்டுட்டு வருவாங்க."

"இந்தக் காலுக்குப் பக்கிள் ஷூ எங்கயும் இல்ல மிஸ். விரலு புண்ணாகிக் கிடக்கு, நீங்களே பாருங்க."

"நீங்க யாரு, அம்மாவா?"

"அம்மாவுக்குச் சேக்காளி, கூடப் படிச்சவ."

"அப்ப அம்மாவை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

செண்பகாவே சொல்லிவிட்டாள். "அம்மா இல்ல மிஸ். செத்துப் போயிட்டாங்க."

தலைமை ஆசிரியையின் முகம் அப்படியே மாறிவிட்டது. "அடடா, தாயில்லாப் பிள்ளையா? சரி, சரி, போட்டுட்டு வரட்டும். நான் பி.டி. மிஸ்கிட்ட சொல்லிருதேன்" என்று பிள்ளையின் தலையைத் தடவினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் தயார் பண்ணிய பேச்சில் பாதிகூடத் தேவைப்படவில்லை. விரல் வீங்கியதற்கு இறங்காத மனசு, நீ செத்ததற்கு இறங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததே பெரிய காரியம்.

வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. செண்பகா ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா இருந்திருந்தா மிஸ் இதப் போட விட்டிருக்க மாட்டாங்க, என்ன சித்தி?"

பொய் சொல்ல நினைத்தேன். உங்கம்மா இருந்திருந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தையே ரெண்டாக்கியிருப்பாள் என்று சொல்ல நினைத்தேன். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். "விட்டிருக்க மாட்டாங்கட்டி" என்றேன்.

"அப்பம் எனக்கு அம்மாவும் அந்த இறுக்குத ஷூவும் போதும் சித்தி."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மணி அடித்தது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். நொண்டாமல் நடந்து போனாள், நன்றாக நடந்து போனாள். அந்த வராந்தாவிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். பெரிய மனுஷி, பிள்ளைக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

எனக்கும் அதுவே போதும்ட்டி. அவள் நொண்டிக்கொண்டு வரட்டும், நீ வாசலில் உட்கார்ந்து அவள் ஷூவை இழுத்துக் கழற்று, நான் வந்து உன்னை நாலு ஏச்சு ஏசுகிறேன்.