கிளி உருவிய கடிதம்

என்னங்க, பிலோமியைப் பார்க்கத் திண்டிவனம் போகிறேன். குழம்பு உறியில் இருக்கிறது.

ஜோசியக்காரர் செத்தபின் பட்டினி கிடந்ததே என்று நீங்கள் தூக்கி வந்த கிளி, இன்றுதான் கூண்டைவிட்டு வெளியே வந்தது. பிரித்துப் படிக்கவே கூடாதென்று கோபத்தில் நீங்கள் கட்டிவைத்த நம் மகளின் கடிதங்களில் ஒன்றை உருவி என் முன்னால் போட்டது. நெல் கொடுத்தும் உள்ளே போகவில்லை. சீட்டைப் படிக்கும்வரை நின்று பழகியது போலிருக்கிறது. படித்தேன்.

குழந்தை இறந்த சேதி வந்தபோது, "பொறந்ததையே சொல்லலியே" என்று கத்தினீர்களே. சொல்லியிருக்கிறாள். "அப்பா வந்துதான் பேர் வைக்கணும்" என்று எழுதியிருக்கிறாள்.

மீதியையும் அது எடுத்துப் போடும். நீங்கள் படியுங்கள்.

- ஆரோக்கியம்

உப்பளத்து உப்புக் கையோடு கிளியைத் தொடாதீர்கள், அதன் மார்பெல்லாம் புண்.

உங்களுக்காகக் காத்திருந்து, பேர் வைக்காமலே பிள்ளையைப் புதைத்திருக்கிறாள்.