உன் வாயில் வேறொருத்தி குரல்

நான் பெற்ற தங்கமே, பேச்சியம்மா,

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்களை ஒருத்தர் விடாமல் சொல்கிறேன், கேள். நான். உன் மகள் செல்வி. விஸ்வநத்தம் கம்பெனியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாசுக்குள் மருந்து அடைத்த ஜோதி. உன் புருஷன் தங்கப்பாண்டி. சென்னையிலிருந்து படம் வாங்க வந்த சீனிவாசன். சுவரில் நீ, மாலையோடு.

செல்வி இப்போது படத் தயாரிப்பாளர். யாரும் கூப்பிட்டுக் கதை கேட்காத ஆட்களாகத் தேடிப் பிடித்து, அவர்களையே படம் எடுக்க வைக்கிறாள். முதல் படத்தை ஒரு திருநங்கை எடுத்தார். அடுத்ததை ஆடு மேய்க்கிற ஒருவர். இரண்டும் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. மூன்றாவது ஜோதி எடுத்தது, நீ பேசுகிற படம். சித்திரையில் உன்னைப் பேசவிட்டு எடுத்தார்கள். ஆடியில் கம்பெனியில் நீ இருந்த அறை வெடித்தது. இனி உன் குரல் இருப்பது அந்தப் படத்தில் மட்டும்தான்.

சீனிவாசன் அதைத் தியேட்டரில் போடுகிறேன் என்றார். இவரும் கைவிட்டால் செல்வி இந்தத் தொழிலில் நிற்பதே சந்தேகம். “உங்க ஊர்ப் பேச்சு மத்தவங்களுக்குப் புரியாதும்மா. ஒரு நடிகையைப் பேச வச்சிருக்கோம், கேளுங்க” என்று சிடியைப் போட்டார்.

உன் முகம் வந்தது. உன் வாய் அசைந்தது. யாரோ பேசினாள்.

நீ என்ன சொல்லியிருந்தாய்? “மருந்து கையில ஒட்டுச்சுன்னா எம்புட்டுக் கழுவுனாலும் போவாது. திங்கிற சோறும் கசக்கும்.” அவள் சொல்கிறாள்: “மருந்து சாப்பிட்டால் நாக்கெல்லாம் கசக்கும். சோறே இறங்காது.”

ஜோதி எழுந்துவிட்டாள். “ஏ சார், அக்கா சொன்னது வெடிமருந்து! நாங்க என்ன, காய்ச்ச மாத்திரையவா பொடிச்சுப் பட்டாசுக்குள்ள அடைக்கோம்?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “அந்த ஒரு வரியைத் திருத்திடலாம். குரல் இதுதான். சம்மதமா, இல்லையா?”

செல்வி “அம்மாச்சி” என்று என்னைப் பார்த்தாள். தொழிலும் அவளுடையது, தாயும் அவளுடையவள். நான் எதை விடச் சொல்வேன்?

அவளே போய் சிடியை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “இது எங்கம்மா இல்ல சார். கொண்டு போயிருங்க.”

“இனி உன் படத்தை யார் தொடுறாங்கன்னு பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை யாரும் தொடவில்லை. திருத்தங்கலிலும் ஆனைக்குட்டத்திலும் வேட்டியைத் திரையாகக் கட்டித்தான் போடுகிறாள். வேலைவிட்டு வந்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நீ பேச ஆரம்பித்தால் கூட்டம் அப்படியே அடங்கிவிடுகிறது. உனக்கு அது தெரியுமா? அடுத்த படத்துக்கு என்ன செய்வாள், அதுதான் எனக்குத் தெரியவில்லை.

அவள் எந்த ஊரில் திரை கட்டினாலும் நான் முன்னால் போய் உட்காருவேன். என் உடம்பில் தெம்பு இருக்கிறவரை உன் குரலை ஒருத்தரும் மாற்ற விடமாட்டேன்.

சீனிவாசனை விட்டுத் தள்ளு. அவருக்கு உன் குரல் தெரியாது. ஆனால் உன் கையால் உண்டு, நீ கூப்பிட்ட குரலுக்கு இத்தனை வருசம் திரும்பிப் பார்த்தவர், அந்த ஆள் படியிறங்கியதும் சுவரில் இருந்த உன்னைக் காட்டிச் சொன்னார்: “அந்தப் பொம்பள குரலுக்கு என்ன கொறச்சல்? இவளவிடத் தெளிவாத்தான இருந்துச்சு?”

மாப்பிள்ளை என்று இனி கூப்பிட மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன், தங்கப்பாண்டியை.

உன்னைப் பெற்றவள்,
வெள்ளையம்மாள்